பழைய மாஸி டிராக்டரில் பாரம் தூக்க: முன்னால் லோடரா, பின்னால் கொக்கியா, முக்காலியா?

2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்த தென்னைகளை அப்புறப்படுத்த ஒரத்தநாட்டுப் பக்கம் எல்லாரும் ஜேசிபிக்குக் காத்துக் கிடந்தோம். வீட்டில் நிற்கும் பழைய மாஸி பெர்குசன் 1035 டிராக்டரையே பாரம் தூக்க வைத்தால் என்ன என்ற யோசனை அப்போது வந்ததுதான்.

பட்டறையில் முதலில் சொன்னது முன்பக்க லோடர். பார்க்க ஜம்மென்று இருக்கும், தூக்குவதும் கண்ணுக்கு எதிரிலேயே நடக்கும். ஆனால் இந்த வயசு வண்டியின் முன் அச்சு எஞ்சினைத் தாங்கவும் திரும்பவும் மட்டுமே செய்யப்பட்டது. அதன்மேல் ஐந்நூறு கிலோவை ஏற்றினால் முன் சக்கரம் திரும்புகிற கிங்பின்னும் அது சுழல்கிற ஹப் பேரிங்கும் தேய்ந்துபோகும், பவர் ஸ்டீயரிங் இல்லாததைச் சேற்றில் திருப்பித் திருப்பித் தோள்பட்டை கழன்றுவிடும். அதைவிட மோசம், முன்னால் பாரம் கூடக்கூடப் பின் சக்கரம் லேசாகும், பிரேக் இருப்பதோ அங்கே மட்டும்தான். பாரம் தூக்குகிற ஹைட்ராலிக் பம்பும் பி.டி.ஓ.வோடு (பின்னால் மாட்டும் கருவிகளைச் சுழற்றும் தண்டு) சேர்ந்து ஓடுவது, சிங்கிள் கிளட்ச் வண்டியில் கியர் மாற்ற மிதித்தால் தூக்குவதும் நின்றுவிடும். பின்னால் எடை கட்டினால் கொஞ்சம் சரியாகும், ஆனாலும் எனக்கு வேண்டாம் என்றுவிட்டேன்.

பின்னால் கலப்பை மாட்டுகிற இடத்திலேயே இரும்புக் கை மாட்டிக் கொக்கி தொங்கவிடுவது மலிவு. இதில் கலப்பையை ஏற்றி இறக்கும் ஹைட்ராலிக் லிப்டின் பலத்தைவிடக் கையின் நீளத்தைத்தான் பார்க்க வேண்டும். இரண்டு அச்சுக்கும் நடுவே ஆறடி. பின் அச்சிலிருந்து ஆறடி தள்ளி 400 கிலோ தொங்கினால் முன் அச்சிலிருந்து அதே 400 கிலோ குறையும். மூன்றடியில் தொங்கினால் 200 தான். இது தெரியாமல் நான் எட்டடிக் கை அடித்து, ஆயில் எஞ்சினைத் தொங்கவிட்டு வாய்க்கால் கரையில் நேராக ஏறினேன். ஸ்டீயரிங் திடீரென்று வெண்ணெய் மாதிரி சுற்றியது, குனிந்து பார்த்தால் முன் சக்கரம் இரண்டும் தரையில் இல்லை! லீவரைத் தள்ளி எஞ்சினைத் தரையில் உட்கார வைத்ததும்தான் மூச்சு வந்தது. மறுநாளே கையை அறுத்துக் கொக்கியை மூன்றரை அடிக்குள் கொண்டுவந்தேன், முன்னால் எடை மாட்டினேன். கரை ஏறுவதென்றால் இப்போது ரிவர்ஸில்தான், பாரம் தரையிலிருந்து ஒரு முழத்துக்கு மேல் போகாது. (வேர்க்கட்டை இழுக்கும்போது சங்கிலி டிராபாரில் (பின்னால் தாழ இருக்கும் இழுவைக் கம்பி) மட்டும், மேலே கலப்பையைப் பிடிக்கிற டாப் லிங்க்கில் மாட்டினால் வண்டி பின்பக்கமாக மல்லாக்க விழும், கிளட்ச் மிதிக்க நேரம் இருக்காது.)

உயரத் தூக்க முக்காலியும் கையால் சங்கிலியை இழுத்துத் தூக்குகிற ஒரு டன் செயின் பிளாக்கும்தான். மெதுவாகத்தான் ஏறும், ஆனால் விட்ட இடத்தில் நிற்கும். பழைய லிப்ட் நாம் டீ குடித்து வருவதற்குள் நாலு விரல் இறங்கியிருக்கும். நம் களிமண்ணில் கால் புதையும், அடியில் பலகை போட்டு மூன்று காலையும் சங்கிலியால் கட்டிவிட வேண்டும். போர் மோட்டார், ஆயில் எஞ்சின் எல்லாம் இதில் தூக்கி, டிப்பரைப் பின்னால் விட்டு இறக்கிக்கொள்கிறேன். மாஸிக்குத் தென்னங்கட்டை சுமக்கிற வேலை மட்டும். முழு மரம் என்றால் பேசாமல் ஜேசிபிக்குப் போன் போட்டுவிடுகிறேன்.