திரிபலா மவுத்வாஷ்: ஒரு வருடம் கொப்பளித்த பிறகு

“இதைக் கொப்பளித்தால் சொத்தை வராதா?” என்று நண்பர் கேட்டதற்குப் பதில் இது. கடுக்காய், தான்றிக்காய், நெல்லிக்காய், கிராம்பு எண்ணெய் சேர்ந்தது. ஆல்கஹால் கிடையாது, ஃபுளோரைடும் கிடையாது.

ஈறு விஷயத்தில் முழு மதிப்பெண். பிரஷ் பட்டால் ரத்தம் கசிவது மூன்று வாரத்தில் நின்றது. காலையில் வாய் நாற்றமும் குறைவு. எரிச்சலே இல்லை, கடுக்காயைக் கடித்த மாதிரி நாக்கைப் பிடித்து இழுக்கும் துவர்ப்பு மட்டும்தான்.

கோபமெல்லாம் லேபிளில் உள்ள ஒரு வரி மேல்: “பல் துலக்கியவுடன் கொப்பளிக்கவும்.” பல்லில் படிந்த படலத்தில் இருக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் போன்ற கிருமிகள் சர்க்கரையைத் தின்று அமிலம் விடுகின்றன. பி.எச். அளவு (இது குறையக் குறைய அமிலம் அதிகம்) சுமார் 5.5க்குக் கீழே போனால் பல்லின் கடினமான மேல் ஓடான எனாமல் கரைய ஆரம்பிக்கும். கரைந்த இடத்தில் தாது திரும்பப் படிய உதவுவது பேஸ்ட்டில் உள்ள ஃபுளோரைடு. அது பல்லில் கொஞ்ச நேரம் தங்கினால்தான் வேலை செய்யும். பேஸ்ட்டைத் துப்பிய கையோடு இதை ஊற்றிக் கொப்பளித்தால் அந்த ஃபுளோரைடு வாஷ்பேசினோடு போய்விடுகிறது. சொத்தைக்கென்று விற்கும் பாட்டிலில் இப்படி எழுதலாமா?

எனவே, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். அடியில் வண்டல் தங்கும், நன்றாகக் குலுக்கி 10 மி.லி., 30 விநாடி. அதன்பின் அரை மணி நேரம் டீ வேண்டாம். இதில் உள்ள டானினும் (துவர்ப்பு தரும் பொருள்) டீயில் உள்ள டானினும் சேர்ந்தால் கீழ் முன்பற்களின் உட்புறம், ஈறை ஒட்டி, நூல் தடிமனில் பழுப்புக் கோடு விழும். நகத்தால் சுரண்டினாலும் வராது. டாக்டரிடம் கிளீனிங் செய்தால் போய்விடும்.

வீட்டிலேயே செய்வதானால் திரிபலா பொடி 1 டீஸ்பூன், தண்ணீர் 200 மி.லி., பாதியாகச் சுண்டவிட்டுத் துணியில் இரண்டு முறை வடிகட்டுங்கள். இரும்புச் சட்டி கூடாது, மை மாதிரி கறுத்துவிடும். அன்றன்றே தீர்த்துவிடுங்கள், வைத்தால் புளிக்கும்.

ஏற்கெனவே குழி விழுந்த பல்லுக்கு இது மருந்தே இல்லை. கிராம்பு வலியை மரக்கவைக்கும், குழி பாட்டுக்கு ஆழமாகும். 6 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கும் வேண்டாம், விழுங்கிவிடுவார்கள்.

ஈறுக்கு இவ்வளவு செய்தும், அந்த ஒரு வரியை மாற்றும்வரை அடுத்த பாட்டில் வாங்குவதாக இல்லை.