கெட்டுப்போன எக்செல் ஃபைல்: எக்செல்லின் ரிப்பேரா, லிப்ரே ஆபிஸா?

எங்கள் அலுவலகச் சம்பளப் பட்டியல் ஃபைல் போன மாதக் கடைசியில் திறக்க மறுத்துவிட்டது. வருகை, பிடித்தம், பி.எஃப்., கைக்கு வரும் தொகை என்று ஒரு ஷீட் இன்னொன்றிலிருந்து எண்ணை எடுக்கிற ஃபைல் அது. எக்செல்லிலேயே இருக்கும் ‘ஓப்பன் அண்ட் ரிப்பேர்’, எக்செல் போலவே கணக்குப் போடும் இலவச மென்பொருளான லிப்ரே ஆபிஸ் கால்க், காசு கொடுத்து வாங்கும் ரிப்பேர் மென்பொருள் என மூன்று வழிகள் இருந்தன. லிப்ரே ஆபிஸைத் தேர்ந்தெடுத்தேன். கணக்கு ஃபைல் என்றால் இனியும் அதைத்தான் முதலில் நாடுவேன்.

எந்த வழியில் போனாலும், கெட்ட ஃபைலை நகல் எடுத்துவிட்டு நகலில்தான் கை வைக்க வேண்டும். ஒன்டிரைவிலோ கூகுள் டிரைவிலோ வைத்திருந்தால் ‘வெர்ஷன் ஹிஸ்டரி’யில் நேற்றைய பிரதி கிடைக்கிறதா என்று பாருங்கள். கிடைத்துவிட்டால் மேற்கொண்டு படிக்கவே தேவையில்லை.

அடுத்து, ஃபைலுக்குள் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 2007-லிருந்து எக்செல் சேமிக்கும் எக்ஸ்.எல்.எஸ்.எக்ஸ். ஃபைல் உண்மையில் ஒரு ஜிப் பொட்டலம், அதாவது பல ஃபைல்களைச் சுருக்கி ஒன்றாகக் கட்டியது. நோட்பேடில் திறந்தால் முதல் இரண்டு எழுத்து ‘பி.கே.’ என்று இருக்கும். ஜிப்பை உருவாக்கிய ஃபில் கட்ஸின் பெயரெழுத்துகள் அவை. பாஸ்வேர்டு போட்டுப் பூட்டிய ஃபைலிலும் பழைய எக்ஸ்.எல்.எஸ். ஃபைலிலும் அப்படி இருக்காது, பயப்பட வேண்டாம். பென் டிரைவைப் பாதியில் பிடுங்கியதாலோ கரண்ட் போனதாலோ சில ஃபைல்கள் அளவு மட்டும் சரியாகக் காட்டி, உள்ளே முழுக்கச் சுழியமாக இருக்கும். அதை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. காசு கொடுப்பதற்கு முன் இதைப் பார்த்துக்கொள்வது நல்லது.

எக்செல்லின் வழி சுலபமானது. ‘ஃபைல் – ஓப்பன் – பிரவுஸ்’ போய் ஃபைலைத் தேர்ந்தெடுத்து, ‘ஓப்பன்’ பட்டனுக்குப் பக்கத்தில் உள்ள சின்ன அம்புக்குறியை அழுத்தினால் ‘ஓப்பன் அண்ட் ரிப்பேர்’ வரும். பெரும்பாலும் திறந்துவிடும். எதை நீக்கியது, எதைச் சரிசெய்தது என்று ஒரு பட்டியலும் காட்டும்.

எனக்குப் பிரச்சினையே அந்தப் பட்டியலில்தான். ‘மூன்றாவது ஷீட்டிலிருந்து ஃபார்முலா நீக்கப்பட்டது’ என்கிற அளவில் நிறுத்திக்கொள்ளும். எந்த செல் என்று பெரும்பாலும் சொல்லாது. நீக்கிய இடத்தில் கடைசியாகக் கணக்கிட்ட எண் மட்டும் உட்கார்ந்திருக்கும். ஒருவருடைய அடிப்படைச் சம்பளம் 14,500 ரூபாய் என்று வையுங்கள். 12 சதவீத பி.எஃப். பிடித்தம் 1,740. ரிப்பேர் ஆன ஃபைலிலும் 1,740 என்றே நிற்கும். யார் பார்த்தாலும் சரி என்றுதான் சொல்வார்கள். அடுத்த மாதம் சம்பளம் 15,000 ஆகும்போது பிடித்தம் 1,800 ஆக வேண்டும். ஆகாது. அது இப்போது வெறும் எண், அதற்குப் பின்னால் கணக்கு எதுவும் இல்லை. மற்ற எல்லா வரிசையும் ஒழுங்காக மாற, இந்த ஒரு வரிசை மட்டும் அசையாமல் கிடக்கும். மொத்தத்தில் 60 ரூபாய் இடிக்கும்போது எங்கே போய்த் தேடுவது? கணக்கு ஃபைலைப் பொறுத்தவரை திறக்காத ஃபைலைவிட, திறந்து இப்படித் தவறாக இருக்கும் ஃபைலே எனக்குப் பெரிய பயம்.

லிப்ரே ஆபிஸ் நடந்துகொள்ளும் விதம் வேறு. ஜிப் பொட்டலம் சிதைந்திருந்தால் ‘ரிப்பேர் செய்யட்டுமா’ என்று கேட்டுவிட்டுத் திறக்கும். புரியாத ஃபார்முலாவைத் தூக்கி எறியாமல், எழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு செல்லில் பிழையைக் காட்டும். அடைப்புக்குறி ஒன்று விடுபட்டிருந்தால் ‘எரர் 508’ என்று வரும். செல்லைக் கிளிக் செய்தால் மேலே ஃபார்முலா கண்ணுக்குத் தெரியும், கையால் திருத்திவிடலாம். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: எக்செல் ஃபைலைத் திறந்ததும் அது பொதுவாகப் பழைய விடைகளையே காட்டும். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஃப்9 மூன்றையும் சேர்த்து அழுத்தி முழுவதையும் மறுபடி கணக்கிடச் செய்ய வேண்டும். அப்போதுதான் உடைந்த செல்கள் வெளியே வரும். என் ஃபைலிலும் அப்படித்தான் உடைந்தவை வரிசையாகத் தலைகாட்டின.

ஃபார்முலாக்களில் ‘எக்ஸ்லுக்அப்’, ‘ஃபில்டர்’, ‘லெட்’ போன்ற எக்செல்லின் புதிய ஃபங்ஷன்களைப் பயன்படுத்தியிருந்தால் லிப்ரே ஆபிஸ் 24.8 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு வேண்டும். பழைய பதிப்பு நல்ல ஃபார்முலாவையே பிழை என்று காட்டும்.

குறைகளும் உண்டு. லிப்ரே ஆபிஸிலிருந்து திரும்ப எக்செல் வடிவில் சேமித்தால் ஸ்லைசர்கள் (தரவை வடிகட்டும் பட்டன்கள்) போய்விடும், தரவைத் தொகுத்துக் காட்டும் பிவட் டேபிளின் அலங்காரம் குலையும், சார்ட்டுகள் கொஞ்சம் இடம் மாறும். மேலதிகாரிக்குக் காட்டும் டாஷ்போர்டு போன்ற ஃபைல் என்றால் எக்செல்லின் ரிப்பேரே மேல். மேக்ரோ நிறைந்த ஃபைல்களில் எனக்குப் பழக்கம் குறைவு. அதில் என் பேச்சை மட்டும் நம்பி இறங்க வேண்டாம்.

எக்செல் நீக்கிய ஃபார்முலாவைப் பிறகும் பார்க்க ஒரு வழி இருக்கிறது. மூல ஃபைலின் நகலை, ஜிப் பொட்டலங்களைப் பிரிக்கும் 7-ஜிப் மென்பொருளில் திறந்து ‘எக்ஸ்.எல்.’ ஃபோல்டருக்குள் ‘ஒர்க்‌ஷீட்ஸ்’ ஃபோல்டருக்குப் போங்கள். ஒவ்வொரு ஷீட்டுக்கும் ஒரு எக்ஸ்.எம்.எல். ஃபைல் இருக்கும். அதில் ஃபார்முலா உள்ள செல்களில் பொதுவாக ‘எஃப்’ என்ற குறிக்குள் ஃபார்முலாவும், ‘வி’ என்ற குறிக்குள் கடைசி விடையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். எக்செல் தன் ரிப்பேரில் முதலாவதை எறிந்துவிட்டு இரண்டாவதை வைத்துக்கொள்கிறது என்பது அங்கே பார்த்தால் பளிச்சென்று புரியும். பெயர்கள் எல்லாம் காணாமல் போய் எண்கள் மட்டும் நின்றால், எழுத்துகளைத் தனியாகச் சேர்த்து வைக்கும் ‘ஷேர்டு ஸ்ட்ரிங்ஸ்’ ஃபைலைச் சந்தேகிக்கலாம்.

காசு கொடுத்து வாங்கும் மென்பொருளுக்கு நான் போகவில்லை. பொதுவாக இலவசப் பதிப்பு மீட்டதைக் காட்டுவதோடு சரி, சேமிக்கப் பணம் கேட்கும். இன்னொரு வகை, ஃபைலை இணையத்தில் ஏற்றச் சொல்வது. ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கு எண்ணும் உள்ள சம்பளப் பட்டியலை முன்பின் தெரியாத சர்வருக்கு அனுப்புவதை நான் ஒருபோதும் ஏற்க மாட்டேன். தொழிலாளிகள் நம்பிக் கொடுத்த விவரம் அது.

எந்த வழியில் மீட்டாலும், வங்கிக்கு அனுப்பும் முன் எக்செல்லில் எஃப்5 அழுத்தி, ‘ஸ்பெஷல்’ போய் ‘கான்ஸ்டன்ட்ஸ்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். கையால் அடித்த மதிப்புகள் உள்ள செல்கள் எல்லாம் நிறம் மாறும். பிடித்தம், நிகரத் தொகைப் பத்திகளில் நடுவே ஒரு செல் நிறம் மாறி நின்றால், அங்கே ஃபார்முலா போய்விட்டது. மேல் வரிசையிலிருந்து ஃபார்முலாவை இழுத்துவிட்டு, மொத்தத்தைப் போன மாத அச்சுப் பிரதியோடு வைத்துச் சரிபாருங்கள்.