ஓலைக் குடிசையா, போர்டு கேம் மேசையா? மதுரையில் வேடம் போட்ட இரண்டு வகைக் காபிக்கடைகள்

நாற்கரச் சாலையோரம் ஓலைக் கூரை, மாட்டுவண்டிச் சக்கரம், அரிக்கேன் விளக்கு என்று கிராமத்து வேடம் போட்ட கருப்பட்டி காபிக் கடை ஒரு பக்கம். ஊருக்குள் ஏசி அறையில் மேசைக்கு மேசை விளையாட்டுப் பெட்டி அடுக்கிய போர்டு கேம் கபே இன்னொரு பக்கம். கூட்டம் இரண்டிலும் உண்டு. காபி கெடுகிற விதம்தான் வேறு வேறு.

குடிசைக் கடையில் உட்காரும் முன் மேலே நிமிர்ந்து பாருங்கள். நிஜக் கீற்று வேய்ந்திருந்தால் சித்திரை வெயிலிலும் தாங்கும். தகர ஷீட்டுக்கு அடியில் அழகுக்கு ஓலை கட்டியிருந்தால் மதியம் 12 முதல் 4 வரை அந்தப் பக்கமே போகவேண்டாம்.

கருப்பட்டி காபியில் ஆபத்து பாலுக்குத்தான். கருப்பட்டியைப் பாலோடு போட்டுக் கொதிக்கவிட்டால், அதிலுள்ள புளிப்பில் பால் திரிந்துவிடலாம். விவரமான மாஸ்டர் கருப்பட்டியைத் தனியே தண்ணீரில் கரைத்து வடிகட்டுவார். மண்ணும், பதநீர்க் கலயத்தில் தடவிய சுண்ணாம்பின் மிச்சமும் அடியில் நின்றுவிடும். அந்தத் தண்ணீர் கொதிக்கும்போது காபித்தூள் போட்டு இறக்கி, காய்ச்சிய பாலைக் கடைசியில்தான் சேர்ப்பார். 150 மில்லி டம்ளருக்கு 15 கிராம் கருப்பட்டி போதும். 25ஐத் தாண்டினால் அது பாயசம். வாசலில் விற்கிற கருப்பட்டியை வாங்குவதானால் உடைத்துக் காட்டச் சொல்லுங்கள். உடைத்த இடம் சீனி போல மினுங்கினால் சந்தேகப்படுங்கள்.

மண் குவளையில் கொடுத்தால் வாங்கும் முன் ஒருமுறை மோந்து பாருங்கள். சுட்ட மண் பாலை உறிஞ்சிக்கொள்ளும். கழுவித் திரும்பப் புழங்கிய குவளையில் புளித்த வாடை வரும். டம்ளரே கேளுங்கள்.

போர்டு கேம் கபேயில் எஸ்பிரெசோ மெஷின், அதாவது வெந்நீரை அழுத்தத்தோடு தூளுக்குள் செலுத்தி டிகாக்‌ஷன் இறக்கும் மெஷின். 18 கிராம் தூளில் 36 கிராம் டிகாக்‌ஷன் 25 முதல் 30 விநாடியில் இறங்கவேண்டும். 15 விநாடியில் கொட்டினால் தூள் பருமனாக அரைபட்டிருக்கிறது, காபி தண்ணியாகத்தான் இருக்கும். பாலை 60, 65 டிகிரிக்கு மேல் சூடாக்கமாட்டார்கள். கொதிக்கக் கொதிக்க ஆற்றிக் குடித்த நம் ஊர் நாக்குக்கு அது "சூடே இல்லையே". கூடுதல் சூடு கேட்டால் தருவார்கள்தான், ஆனால் 70ஐத் தாண்டினால் நுரை உடைந்து பாலின் இனிப்பும் குறையும். ஒரு ஆட்டம் ஒரு மணி நேரம் ஓடும், ஏசியில் கப் கால் மணியில் ஆறிவிடும். அதனால் இங்கே கோல்டு காபிதான் புத்திசாலித்தனம். கிளாஸ் வியர்க்கும், விளையாட்டுச் சீட்டு நனைந்தால் உப்பிவிடும். கிளாஸை மேசையில் வைக்காமல் பக்கத்து ஸ்டூலில் வையுங்கள்.

பில்லில் இன்னொரு விஷயம்: சில இடங்களில் ஆளுக்கு மணிக்கணக்கு, சில இடங்களில் குறைந்தபட்ச ஆர்டர். உட்காரும் முன்பே கேட்டுவிடுங்கள். பெட்டியைத் திறந்ததும் காய்களை எண்ணுங்கள். பாதி ஆட்டத்தில் ஒரு காய் குறைந்தால் பழி கடைசியாக விளையாடியவர் மேல்தான் விழும்.

காபிக்காகவே போவதென்றால் காலை 7 மணிக்குக் குடிசை. நாலு பேர் சேர்ந்து பொழுதுபோக்க கபே. நாற்கரச் சாலையில் விருதுநகர் திசையில் போகிறவர்கள் இடப்பக்கக் கடையிலேயே நிறுத்துங்கள். எதிர்ப்பக்கக் கடைக்காக வண்டியை ராங் சைடில் விடவேண்டாம்.