ஜெனரிக்குக்கு மாறிய பிறகு: என் கொலஸ்ட்ரால் மாத்திரையோடு பதினைந்து வருடம்

அட்டோர்வாஸ்டாட்டின் மாத்திரையைப் பதினைந்து வருடத்துக்கு மேலாகத் தினமும் போட்டு வருகிறேன். அப்பாவுக்கும் அதே மாத்திரைதான். தொடக்கத்தில் இருவருமே லிப்பிட்டார் என்ற பிராண்டைத்தான் வாங்கினோம். வீட்டுச் செலவுக் கணக்கில் மருந்துக்கு என்றே ஒரு பெரிய தொகை போகும்.

காப்புரிமை முடிந்ததும் விலை சரிந்துவிடும் என்று நம்பிக் காத்திருந்தேன். ஜெனரிக், அதாவது அதே மூலமருந்தை வைத்து மற்ற நிறுவனங்கள் தயாரிக்கும் மாத்திரை, வந்தது, விலை கொஞ்சம்தான் இறங்கியது. பெரிய ஏமாற்றம். காரணம் பிறகுதான் புரிந்தது. அமெரிக்காவையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே பிராண்டின் காப்புரிமையை எதிர்த்து முதலில் விண்ணப்பிக்கும் ஜெனரிக் நிறுவனத்துக்கு 180 நாள் தனிச்சலுகை கிடைக்கும்; அதுவரை பின்னால் விண்ணப்பித்த ஜெனரிக் நிறுவனங்கள் காத்திருக்க வேண்டும். லிப்பிட்டாருக்கு 2011 நவம்பர் கடைசியில் ஜெனரிக் வந்தாலும், மற்ற நிறுவனங்கள் பெருமளவில் நுழைந்தது 2012 மே மாத இறுதியில்தான்.

விலையை உண்மையில் இறக்குவது போட்டிதான். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2019இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே ஒரு ஜெனரிக் இருந்தால் உற்பத்தியாளர் விலை பிராண்டைவிட 39 சதவீதம் குறைவு. நான்கு இருந்தால் 79 சதவீதம். ஆறு அல்லது அதற்கு மேல் வந்துவிட்டால் 95 சதவீதத்துக்கும் மேல். என் அனுபவமும் இதே போக்குதான். பல நிறுவனங்கள் வந்த பிறகு, முன்பு ஒரு மாதத்துக்குக் கொடுத்த பணம் பல மாதங்களுக்குப் போதுமானதாக இருந்தது.

ஆனால் அந்தப் பலன் தானாக வந்து சேரவில்லை. மருந்துச் சீட்டில் பிராண்டு பெயரே தொடர்ந்ததால், ஒரு கடையில் பல மாதங்கள் பழைய விலைக்கே வாங்கிக்கொண்டிருந்தேன். ஜெனரிக் இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. இதை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது. மருத்துவரிடம் மருந்தின் மூலப்பெயரை எழுதித் தரச் சொன்ன பிறகுதான் செலவு குறைந்தது.

சரி, வேலை செய்கிறதா? எனக்குச் செய்கிறது. மாறிய மூன்றாம் மாதம் ரத்தப் பரிசோதனை செய்தேன். எல்டிஎல் எனப்படும் கெட்ட கொலஸ்ட்ரால் அளவு பழைய இடத்திலேயே நின்றது. அதற்குப் பிறகு வந்த பரிசோதனைகளிலும் பெரிய மாற்றம் இல்லை. மூலமருந்து ஒன்றேதான், நிறமும் வடிவமும் சேர்மானப் பொருட்களும்தான் வேறு.

அந்த நிறம்தான் எங்களை ஒருமுறை பயமுறுத்தியது. அப்பா, மிச்சமிருந்த பிராண்டு மாத்திரையையும் புதிய ஜெனரிக்கையும் இரண்டு வேறு மருந்துகள் என்று நினைத்து ஒரு வாரம் சேர்த்தே போட்டுவிட்டார். நல்லவேளை, எதுவும் ஆகவில்லை. அப்புறம் அட்டையில் மூலப்பெயரைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினேன். பழையதைப் பெட்டியிலிருந்து எடுத்துவிட்டேன். இப்போதும் கடையில் வேறு நிறுவனத்து மாத்திரை கொடுத்தால், வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அப்பாவிடம் பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறேன்.

தைராய்டுக்கான லெவோதைராக்சின், வலிப்புக்கான ஃபெனிட்டாய்ன் போன்ற, அளவு சிறிது மாறினாலும் பாதிக்கக்கூடிய மருந்துகளில் மட்டும் மருத்துவரிடம் சொல்லாமல் நிறுவனத்தை மாற்ற வேண்டாம்.