லாஸ் ஏஞ்சலஸ் பெருஞ்சுவர்: ஜூடி பாக்காவின் ஓவியத்தை எப்படிப் பார்ப்பது

லாஸ் ஏஞ்சலஸின் சான் ஃபெர்னாண்டோ பள்ளத்தாக்கில், வேலி காலேஜ் என்ற கல்லூரியை ஒட்டிப் போகிறது டுஹங்கா வெள்ளக் கால்வாய். கோல்ட்வாட்டர் கேன்யன் சாலையோரமாக, பர்பேங்க் சாலைக்கும் ஆக்ஸ்னார்ட் தெருவுக்கும் நடுவில், அந்தக் கால்வாயின் மேற்குச் சுவர் முழுக்க ஓவியம். நீளம் 2,754 அடி, உயரம் சுமார் 13 அடி. திட்டமிட்டு நடத்தியவர் சிக்கானா (மெக்சிக வம்சாவளி அமெரிக்கப் பெண்) ஓவியர் ஜூடி பாக்கா. தூரிகை பிடித்தவர்கள் 400க்கும் மேற்பட்ட இளைஞர்களும் அவர்கள் குடும்பத்தினரும். பார்க்கக் கட்டணம் கிடையாது.

காலையில் போங்கள். சுவர் கிழக்கு பார்த்தது. முற்பகல் வெயில் நேராக விழும்போதுதான் நிறம் முழுசாகத் தெரியும். மதியத்துக்கு மேல் சுவர் நிழலுக்குள் போய்விடும், வெயில் உங்கள் கண்ணில் அடிக்கும். நாம் நிற்பது எதிர்க்கரையில், கம்பி வேலிக்குப் பின்னால். படம் எடுக்கிறவர்கள் லென்ஸை வேலிக் கண்ணோடு ஒட்டி வைத்தால் கம்பி படத்தில் விழாது. நடந்துகொண்டே பனோரமா எடுத்தால் உருவங்கள் உடைந்து கோணலாகும். துண்டு துண்டாக எடுப்பதே மேல். முகங்களைப் பார்க்க ஒரு பைனாகுலர் அவசியம். கால்வாய்க்குள் இறங்க வேண்டாம், அது வெள்ளம் போகும் வழி.

பனியூழிக் கால விலங்குகள் இருக்கும் முனையைத் தேடிப் பிடித்து அங்கிருந்து தொடங்குங்கள். வரலாறு அந்த வரிசையில்தான் ஓடுகிறது: சுமாஷ் பழங்குடிகள், ஸ்பானியர் வருகை, 1871இன் சீனர் படுகொலை, 1930களின் பொருளாதார மந்தக் காலத்தில் மெக்சிகோவுக்கு ரயிலேற்றி விரட்டப்பட்ட குடும்பங்கள், இரண்டாம் உலகப் போரில் முகாமில் அடைக்கப்பட்ட ஜப்பானிய அமெரிக்கர்கள். பள்ளிப் பாடத்தில் இடம் கிடைக்காத கலிஃபோர்னியா இது.

அவசரமாகப் பார்க்கிறவர்கள் தவறவிடுவது ஒன்று உண்டு. 1976 கோடையில் சிறார் நீதித் துறை வழியாக வந்த 80 பிள்ளைகளை வைத்து முதல் 1,000 அடி முடிந்தது. அந்தப் பகுதியை வெவ்வேறு ஓவியர்கள் பிரித்துக்கொண்டு வடிவமைத்ததால் காட்சிக்குக் காட்சி பாணி மாறும், இணைப்புகள் துருத்திக்கொண்டு நிற்கும். 1977இல் பாக்கா மெக்சிகோவின் குவெர்னவாக்காவில் உள்ள, மெக்சிகச் சுவரோவிய மேதை சிகெய்ரோஸின் பெயரிலான பட்டறைக்குப் போய்ச் சுவரோவிய நுட்பம் படித்தார். 1978 முதல் வந்த பகுதிகளில் அந்தப் படிப்பு பளிச்சென்று தெரிகிறது: நீளத்தை விகிதக் கணக்கில் கட்டங்களாகப் பிரித்து, வளைகோடுகள் ஒரு காட்சியை அடுத்ததற்குள் இழுத்துப் போகின்றன. ஓர் ஆசிரியர் தன் மாணவர்களோடு சேர்ந்து வளர்ந்ததை இவ்வளவு நீளத்துக்கு வேறெங்கும் பார்க்க முடியாது. தேர்ச்சியில் முதல் பகுதி சற்றுப் பின்தங்கியதுதான். ஆனாலும் அதைத் தாண்டி ஓடிவிடாதீர்கள். அடுத்த பகுதியின் அருமை இதைப் பார்த்த பிறகுதான் புரியும்.

நின்று பார்க்க ஒரே காட்சியைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், குடியிருப்புகள் பிளக்கப்படும் 1950களின் காட்சி. நெடுஞ்சாலைத் தூண்கள் ஒரு குடும்பத்தின் குறுக்கே நெளிந்து இறங்குகின்றன. மக்கள் வெளியேற்றப்பட்ட சாவேஸ் ரவீன் குடியிருப்பின் மேல் டாட்ஜர் பேஸ்பால் ஸ்டேடியம் பறக்கும் தட்டாக வந்து இறங்குகிறது. குழந்தைகளோடு போனால் நேரே இங்கே கூட்டிப்போய் நிறுத்துங்கள், கேள்விகள் தானாக வரும்.

குறை இல்லாமல் இல்லை. போதிய விளக்கம் இல்லாமல் பார்த்தால் பாதிப் பேரை அடையாளம் தெரியாது. பாக்காவின் ஸ்பார்க் அமைப்பு இணையத்தில் தந்திருக்கும் காட்சி விவரங்களை முந்தைய நாளே படித்துவிடுவது நல்லது. நிறமும் ஒரே சீராக இருக்காது: திறந்தவெளியில் வெயிலும் வாகனப் புகையும் அக்ரிலிக்கை வெளுக்கவைத்து, 2011இல் பெரிய அளவில் புதுப்பிக்க வேண்டி வந்தது. மழைக்காலத்தில் கால்வாயில் தண்ணீர் வரும் என்பதால் அசல் வேலையும் கோடைகளில்தான் நடந்தது. 1983வரை வரைந்த சுவர் 1950களோடு நின்றுவிடுகிறது. 1960களைத் தொடரும் பகுதியின் வேலையை 2023–24இல் லாக்மா எனப்படும் லாஸ் ஏஞ்சலஸ் கலை அருங்காட்சியகக் கூடத்திலேயே பார்வையாளர் கண்முன் செய்தார்கள். அந்தக் காட்சிகளைத் தேடிக் கால்வாய்க்குப் போனால் ஏமாறலாம்.

கார் இல்லாதவர்கள் நார்த் ஹாலிவுட்டிலிருந்து மெட்ரோவின் ஜி வழித்தடப் பேருந்தில் ஏறி வேலி காலேஜ் நிறுத்தத்தில் இறங்கி, பர்பேங்க் சாலையில் கிழக்கே நடந்தால் போதும். நிழலை நம்பாமல் தண்ணீர், தொப்பி எடுத்துக்கொள்ளுங்கள். போக வர நடப்பதே ஒரு மைலுக்கு மேல் வரும்.

பாக்காவின் பணியை இன்னும் அறிய விரும்புகிறவர்கள் லாஸ் ஏஞ்சலஸின் வெனிஸ் பகுதியில் உள்ள ஸ்பார்க் மையத்துக்கும் போகலாம். 1976இல் அவர் இருவரோடு சேர்ந்து தொடங்கிய அமைப்பு அது. இயங்குவது பழைய காவல் நிலையக் கட்டடத்தில். கூடம் திறந்திருக்குமா என்று முன்னதாகவே கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒரே நாளில் வைத்துக்கொண்டால் சுவர் முதலில், வெனிஸ் பிறகு. மாற்றி வைத்தால் 405 நெடுஞ்சாலை நெரிசலில் காலை வெளிச்சம் கைவிட்டுப் போகும்.