சளியை இளக்கும் மூன்று கருவிகள்: கிணற்றுத் தண்ணீர் வீட்டுக்கு எது சரி?

பிறபொருளெதிரி (கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கும் புரதம்) குறைபாடு உள்ளவர்களுக்கு மூன்று, நான்கு கிழமைக்கு ஒருமுறை அதை ஈடுசெய்யும் இமியூனோகுளோபுலின் ஏற்றியும் காலைச் சளி மஞ்சளாகவே வருவதுண்டு. அதற்காக மருந்து வேலை செய்யவில்லை என்று அர்த்தமில்லை. அந்தப் போத்தலில் இருப்பது ஏறக்குறைய முழுவதும் ஐஜீஜி என்ற பிறபொருளெதிரி வகை. இரத்தத்தையும் நுரையீரலின் ஆழத்தையும் அது பார்த்துக்கொள்ளும். தொண்டையிலும் மூச்சுக்குழாயின் ஈரச்சுவரிலும் சுரக்கவேண்டிய ஐஜீஏ என்ற இன்னொரு வகையை அது கொண்டுவராது. தொண்டையில் குடியிருக்கும் ஹீமோபிலஸ் இன்புளுவென்சா, நியூமோகொக்கஸ், மொறக்செல்லா போன்ற பற்றீரியாக்கள் நித்திரையில் எச்சிலோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கும். எல்லோருக்கும்தான் இறங்கும், ஆனால் இவர்களுக்கு அங்கேயே தங்கிவிடும். தங்கினால் அழற்சி, அழற்சியால் குழாய்ச் சுவர் தளர்ந்து விரிவு, விரிந்த இடத்தில் இன்னும் சளி. ஹீமோபிலஸுக்கு எதிரான ஹிப் தடுப்பூசி போட்டாயிற்றே என்று கேட்பவர்கள் உண்டு. அது உறையுள்ள பீ வகைக்கு மட்டும். இங்கே தொல்லை தருவது பெரும்பாலும் உறையில்லாத வகை.

ஆகவே சளியைத் தினமும் வெளியே எடுக்கவேண்டும். அதற்கென ஊதும் கருவிகள் மூன்று வகை.

புளட்டர்: சுங்கான் போன்ற உருவம், உள்ளே கூம்பில் ஓர் உருக்குக் குண்டு. ஊதும்போது குண்டு எழும்பி விழ, அந்த அதிர்வு மார்புக்குள் போய்ச் சளியைச் சுவரிலிருந்து கழற்றும். புவியீர்ப்பில் இயங்குவதால் பிடிக்கும் கோணம் பிசகினால் அதிர்வு நின்றுவிடும். படுத்த நிலையில் செய்யவேண்டியவருக்குச் சரிவராது.

அக்கபெல்லா: நெம்புகோலும் காந்தமும் கொண்டது, எப்படிச் சரித்தாலும் இயங்கும். இதில் பச்சையும் நீலமும் உண்டு. நிமிடத்துக்கு 15 லீற்றர் என்ற வேகத்தில் மூன்று செக்கன் தொடர்ந்து ஊத முடிந்தவருக்குப் பச்சை, முடியாதவருக்கு நீலம். லண்டனிலிருந்தோ கனடாவிலிருந்தோ வருபவரிடம் பெயரை மட்டும் சொல்லிவிட்டால் எந்த நிறம் வந்து சேரும் என்று சொல்ல இயலாது. அக்கபெல்லா சொய்ஸ் என்ற மாதிரியைக் கேட்பது நல்லது. அதைக் கழற்றிக் கொதிக்கவைக்கலாம், ஊதும் மூச்சுக்குக் கருவி தரும் எதிர்ப்பைத் திருகி மாற்றலாம். எங்கள் முதல் தெரிவு இதுதான்.

மூன்றாவது, காசில்லாதது: போத்தலும் ரியூப்பும். அகலவாய்ப் போத்தலில் 10 சென்ரிமீற்றர் உயரத்துக்குத் தண்ணீர், அடிவரை ஒரு ரியூப், அதன் வழியே குமிழி வரும்படி ஊதுதல். தண்ணீரின் உயரமே ஊதும் மூச்சை எதிர்க்கும் அழுத்தம். ரியூப்பின் உள்விட்டம் 8 மில்லிமீற்றருக்குக் குறைந்தால் அழுத்தம் கணக்குக்கு மேலே ஏறும். போத்தல் வாயை அடைக்கக்கூடாது. ஊதாமல் உறிஞ்சிவிடும் வயதுப் பிள்ளைக்குக் கொடுக்கவேண்டாம். வேலை என்று பார்த்தால் இது குறைந்ததல்ல, ஆனால் பழைய தண்ணீரை அப்படியே விட்டு மாலையும் அதிலேயே ஊதும் வீட்டில் இது கிருமி வளர்க்கும் பாத்திரம்.

பாவிக்கும் முறை மூன்றுக்கும் ஒன்றே. நிமிர்ந்து இருந்து முழங்கையை மேசையில் ஊன்றவும். வழமையைவிடச் சற்று ஆழமாக மூச்செடுத்து இரண்டு, மூன்று செக்கன் நிறுத்தி, கன்னம் உப்பாமல் மூன்று, நான்கு செக்கனுக்கு ஊதவும். கன்னம் உப்பினால் அதிர்வு வாயோடு முடிந்துவிடும். பத்துத் தடவை ஊதியபின், மூக்குக்கண்ணாடி துடைக்கமுன் ஆவி ஊதுவதுபோல் வாய் திறந்து இரண்டு, மூன்று முறை 'ஹா' என்று தள்ளி, பிறகு இருமித் துப்பவும். இதையே திருப்பித் திருப்பி 15 முதல் 20 நிமிடம், நாளுக்கு இருமுறை. மூச்சுக்குழாயை விரிக்கும் சல்பியூட்டமோல், செறிவான உப்புச் சேலைன் நெபுலைசர் இருந்தால் அவை முன்னுக்கு, உள்ளிழுக்கும் நுண்ணுயிர்கொல்லி சளி எடுத்த பின்னுக்கு. சளியில் இரத்தம் வந்தாலோ, அண்மையில் நுரையீரலைச் சுற்றிக் காற்றுக் கசிந்திருந்தாலோ, சைனஸோ காதோ கடுமையாக நோகும் நாளிலோ வைத்தியரைக் கேளாமல் ஊதவேண்டாம். சைனஸ், காதுத் தொற்றுகள் இந்த நோயாளருக்கு அடிக்கடி வருபவை.

யாழ்ப்பாணத்தில் கருவியின் ஆயுளைத் தீர்மானிப்பது தண்ணீர். சுண்ணாம்புக்கல்லுக்குள் இருந்து வரும் கிணற்றுத் தண்ணீர் கொதிக்கும்போது கேத்திலில் படியும் அதே வெள்ளைக் கல் கூம்பிலும் நெம்புகோலிலும் படியும். குண்டு சரியாக இருக்காது, நெம்புகோல் இறுகும், அதிர்வு மந்தமாகும். நோயாளியோ தன் மூச்சுத்தான் குறைந்துவிட்டது என்று பயப்படுவார்! கிழமைக்கொருமுறை வெள்ளை வினாகிரியும் தண்ணீரும் சரிபாதியாகக் கலந்து அரை மணித்தியாலம் ஊறவைத்தால் கல் கரையும். ஆனால் வினாகிரி கிருமிநீக்கத்துக்குப் போதாது. தினமும் சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, கொதிக்கவைக்கலாம் என்று கையேட்டில் உள்ள பாகங்களை ஆர்ஓ (உப்பு நீக்கி வடிகட்டிய) தண்ணீரில் ஐந்து நிமிடம் கொதிக்கவைத்து, துணியால் துடைக்காமல் காற்றில் உலரவிடவும். ஆர்ஓ தண்ணீர் கல்லைத் தடுக்கும், அதற்காக அது கிருமியற்றதல்ல. கொதித்த பாகத்தைத் திரும்பக் குழாயில் அலசுவதுதான் அதிகம் காணும் பிழை. ஈரத்தில் வாழும் சூடோமோனாஸ் என்ற பற்றீரியா வந்து ஒட்டும். விரிந்த குழாய்க்குள் அது குடியேறிவிட்டால் எழுப்புவது பெரும்பாடு.

இன்னொரு பயன்: சளிப் பரிசோதனைக்கு நல்ல மாதிரி. காலையில் கொதித்தாறிய தண்ணீரால் வாய் கொப்பளித்து, ஊதி, ஆழத்திலிருந்து இருமி எடுத்ததையே கொடுக்கவும். எச்சிலைக் கொடுத்தால் தொண்டைக் கிருமிகளின் பட்டியல்தான் திரும்பிவரும். இரண்டு மணித்தியாலத்துக்குள் ஆய்வுகூடம் போய்ச்சேரவேண்டும், ஹீமோபிலஸ் நெடுநேரம் தாங்காது. கோரிக்கைத் துண்டில் பிறபொருளெதிரி குறைபாடு என்று எழுதுவித்துக்கொள்ளவும். ஏனென்றால் இரத்தத்தில் பிறபொருளெதிரியைத் தேடும் பரிசோதனைகள் இவர்களுக்குத் தொற்று இருந்தாலும் இல்லை என்று காட்டக்கூடும்.