எட்டு வருடமாக வைத்திருக்கும் மெடிக்கல் பாலிசி: மண்டபத்திலிருந்து ஓர் அனுபவம்

2017-ல் மூன்று லட்சத்துக்கு ஒரு குடும்ப பாலிசி எடுத்தேன். நான், மனைவி, ரெண்டு பிள்ளைகள். ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊரில் கருவாட்டு வியாபாரம்; கம்பெனி இன்சூரன்ஸ் எல்லாம் இல்லாத பிழைப்பு. ஆஸ்பத்திரியில் படுத்தால் பணம் வரும் என்ற ஒரே நினைப்பில்தான் எடுத்தேன். ஆனால் படுக்காமல் இருக்க அது செய்த உதவிதான் பெரிது.

வருடம் ஒருமுறை இலவசப் பரிசோதனை உண்டு. மூன்று வருடம் அதைத் தொடவே இல்லை. 2021-ல் மனைவி பிடிவாதமாக போன் போட்டாள். ராமநாதபுரத்திலிருந்து ஒரு தம்பி காலை ஆறரைக்கே ஐஸ் பெட்டியோடு வந்துவிட்டான். "அண்ணே, டீ ஏதும் குடிக்கலையே?" என்று ரெண்டு தடவை கேட்டான். முற்றத்தில் நெத்திலி காய்ந்துகொண்டிருந்தது. ஒரு கையால் காக்கா விரட்டிக்கொண்டே மறு கையை நீட்டினேன்.

மூன்று மாத சராசரி சுகர் 7.9 என்று வந்தது. 6.5-ஐத் தொட்டாலே சர்க்கரை நோய்தான் என்று போனில் பேசிய டாக்டர் சொன்னார். எனக்கு உடம்பில் ஒரு தொந்தரவும் தெரியவில்லை. என் அப்பாவுக்கும் அப்படித்தான். காலில் புண் வந்த பிறகுதான் தெரிந்தது, ஒரு விரலை எடுத்தார்கள். எனக்கு மாத்திரை மக்கள் மருந்தகத்தில் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. போன தடவை 6.8. ஒரு சுகர் டெஸ்ட்டுக்கு ஆகிற காசு எங்கே, கால் ஆபரேஷனுக்கு ஆகிற காசு எங்கே? இன்சூரன்ஸ் கம்பெனி தன் லாபக் கணக்குக்காகவே செய்யட்டும், பிழைத்தது என் கால்.

2022-ல் மனைவிக்கு உதிரப்போக்கு அதிகமானது. ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் பார்த்த கையோடு கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்றார்கள். அவளுக்கு 41 வயது. இரவெல்லாம் தூங்கவில்லை. பாலிசியில் செகண்ட் ஒப்பீனியன், அதாவது வேறொரு டாக்டரிடமும் கருத்துக் கேட்கும் வசதி இருப்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. ரிப்போர்ட்டை போட்டோ எடுத்து அனுப்பினோம். நாலாம் நாள் வேறொரு மகளிர் மருத்துவர் வீடியோவில் வந்து இருபது நிமிடம் பேசினார். "முதல்ல மாத்திரை ஏதாவது கொடுத்துப் பார்த்தாங்களாம்மா?" என்று கேட்டார். யாரும் கொடுக்கவில்லை. ஸ்கேனில் தெரிகிற கட்டி சின்னது, மாத்திரை போடுங்கள், ஆறு மாதத்துக்கு ஒரு ஸ்கேன் என்றார். இன்று வரை ஆபரேஷன் தேவைப்படவில்லை. தேவையில்லாமல் கர்ப்பப்பையை எடுப்பதைத் தடுக்கும் வழிகாட்டுதல்களை எல்லா மாநிலங்களும் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன செய்தியைப் படித்தபோது மனைவி பேப்பரை மடித்து எடுத்து வைத்துக்கொண்டாள்.

பணத்தில் அடிபட்டதையும் சொல்ல வேண்டும். 2019-ல் மகனுக்கு மதுரையில் அப்பென்டிக்ஸ் ஆபரேஷன். எங்கள் பாலிசியில் அறை வாடகை பாலிசித் தொகையில் ஒரு சதவீதம், அதாவது நாளுக்கு 3,000 வரைதான். நாங்கள் எடுத்தது 4,500 ரூபாய் அறை. மூன்று நாளைக்கு வித்தியாசம் 4,500 கட்டினால் போதும் என்று நினைத்தேன். அறை உயர்ந்தால் டாக்டர் பீஸ், தியேட்டர் சார்ஜ் எல்லாமே உயரும் என்பதால் அவற்றிலும் மூன்றில் ஒரு பங்கை வெட்டிவிட்டார்கள். கையிலிருந்து போனது 22,000. காரணம் நியாயம்தான், ஆனால் அட்மிஷன் போடும்போது ஒருவராவது வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம்.

இன்னொரு குறை, நடைப்பயிற்சி செய்தால் பிரீமியத்தில் தள்ளுபடி என்கிற திட்டம். செல்போன் எண்ணுகிற காலடிதான் கணக்கு. என் தம்பி இரவு முழுக்க வலை இழுக்கிறான். போன் பாலிதீன் பையில் சுற்றிக் கிடக்கும். அவனுக்கு ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. கடற்கரை ஆட்களின் உழைப்பையும் பார்த்து இதை மாற்ற வேண்டும்.

மாமியாருக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் இருக்கும் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை. அதில் சிகிச்சைக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே மொத்தமாகப் பேசி வைத்திருப்பதால், நாட்களை இழுத்து பில்லை ஏற்ற வழி இல்லை. அவருக்கு ஸ்டென்ட் வைத்தபோது நாங்கள் செலவழித்தது சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும்தான்.

2025 செப்டம்பர் 22 முதல் நாமே எடுக்கும் தனிநபர், குடும்ப பாலிசிகளுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி இல்லை. மிச்சமாகும் பணத்தைப் போட்டு, இந்தத் தடவை அறை வாடகை வரம்பு இல்லாத பாலிசியாக மாற்றிக் கேட்டிருக்கிறேன். மனைவிக்கு அடுத்த ஸ்கேன் தை மாதம்.